ஆறு புள்ளித் தகடு

தென்காசி ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகை வாசலில் சங்கிலிப்பாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடியிலிருந்து ஒரு பீப்பாய் வரவேண்டும். பீப்பாயில் வருவது கடல் தண்ணீர். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி, சாரல் ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஆளை நனைத்துக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் கேட்பாரில்லாமல் விழுந்து ஓடுகிறது. அப்படிப்பட்ட ஊருக்குத் தண்ணீரை ரயிலில் ஏற்றிக் கொண்டுவருகிற கூத்தை நினைத்து அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த யோசனை ஆதமுடையது.

ஆதம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்தால் காக்கிக் கால்சட்டையின் மடிப்புக் கலைந்துவிடுமாம். பத்து வருஷம் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ரிப்பேர் பார்த்தவன். அங்கே இருக்க உரிமைச் சீட்டு கிடைக்காமல் போய், சொந்த ஊரான வடகரைக்கே திரும்பி வந்திருந்தான். நாறும்பூநாத பிள்ளையின் பட்டறையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பிள்ளையின் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஆதம் பேர் வருகிறது என்று சங்கிலிப்பாண்டி எண்ண ஆரம்பித்திருந்தான். நேற்று பதினொரு தரம்.

பீப்பாய் வந்து இறங்கியது. ஆதம் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

“கொழும்புல இதுக்கெல்லாம் கிரேன் உண்டு அண்ணாச்சி.”

“இங்கன நம்ம தோளுதான் கிரேன். பிடிலே,” என்றான் சங்கிலிப்பாண்டி.

பிள்ளையினுடையது கொப்பரைப் பட்டறை. செங்கோட்டைக்கு மேலே மலைச்சரிவில் தைலப்புல்லை வாட்டி எண்ணெய் இறக்குகிறவர்களுக்கு வேண்டிய செம்புக் கொப்பரை, மூடி, ஆவி போகிற குழாய் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். சங்கிலிப்பாண்டி அங்கே சுத்தியல் பிடித்து இருபத்திரண்டு வருஷம். பழைய மேஸ்திரி பங்குனியில் இறந்துபோனார். அவர் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியில் அடுத்தபடி உட்காரப்போவது யார் என்பதில் பட்டறையில் யாருக்கும் சந்தேகமில்லை. சங்கிலிப்பாண்டியின் பெண்சாதி பேராச்சி அக்கம்பக்கத்தில் சொல்லியே வைத்துவிட்டாள். பிள்ளைதான் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஆடி மாதம் தங்கசாமி வந்த அன்றைக்குத்தான் எல்லாம் குழம்பியது. தங்கசாமி வேம்பார்ப் பக்கம் ஒரு உப்பளத்துக்கு மானேஜர். அருவியில் குளித்த ஈரத் தலையோடு பட்டறைக்குள் வந்து உட்கார்ந்தவர், வெகு நேரம் தண்ணீரைப் பற்றியே பேசினார்.

“எங்க அளத்துல நூத்தம்பது பேரு வேலை பாக்காவ அண்ணாச்சி. குடிக்கதுக்கு மாட்டுவண்டியில தண்ணி வருது, ரெண்டு நாளைக்கு ஒருக்க. வண்டி அச்சு முறிஞ்சா அன்னைக்கு அத்தன பேருக்கும் நாக்கு வறளணும். நீங்க புல்லை வாட்டுத மாதிரி கடல் தண்ணிய வாட்டி, நல்ல தண்ணியா எறக்க ஒரு ஏற்பாடு செஞ்சு தரணும்.”

பிள்ளைக்கு அது பெரிய காரியமாகப் படவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கொப்பரை. ஆவி போய்க் குளிர்வதற்கு ஒரு பெட்டி நிறையக் குழாய். பெட்டிக்குள் குழாய்களைச் சுற்றிக் குளிர்ந்த கடல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே போகிற ஆவி தண்ணீராகிச் சொட்டிவிடும். கொப்பரை செம்பு. குழாய்க்கு எந்த உலோகம் போடுவது என்று மட்டும் கேட்டார்.

“பித்தளை,” என்றான் சங்கிலிப்பாண்டி. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாக மலையில் போட்ட குழாய் எல்லாம் பித்தளைதான்.

“பித்தளை ஒரு வருசம் தாங்காது மொதலாளி,” என்றான் ஆதம். “உப்புத் தண்ணி பித்தளையில இருக்க துத்தநாகத்த மட்டும் தின்னுட்டுப் போயிரும். பாக்கக் கொழாய் மாதிரியே இருக்கும், தொட்டா பொடிஞ்சிரும். கப்பல்ல நான் எத்தன மாத்திருக்கேன். நிக்கல் கலந்த செம்புதான் நிக்கும்.”

தங்கசாமி முன்னால், மற்ற வேலையாட்கள் முன்னால் சொன்னான்.  சங்கிலிப்பாண்டி சொன்ன சொல்லை அந்தப் பட்டறையில் ஒருவனும் மறுத்ததில்லை. அதைவிட, பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்படியா? சொல்லு, சொல்லு,” என்று ஆதம் பக்கம் திரும்பியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

இரும்பு, துத்தநாகம் பூசிய தகரம், புதிதாக எல்லார் வீட்டிலும் ஆசைப்படுகிற எவர்சில்வர், பித்தளை, செம்பு, நிக்கல் செம்பு. இந்த ஆறிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வெட்டிக் கடல் தண்ணீரில் நாற்பத்தைந்து நாள் போட்டுப் பார்த்துவிடுவோம் என்றான் ஆதம். போடுவதற்கு முன்னால் ஒரு நிறை, எடுத்த பிறகு ஒரு நிறை. எது அதிகம் குறைந்திருக்கிறதோ அதைத் தண்ணீர் தின்கிறது என்று அர்த்தம்.

பிள்ளைக்கு அது பிடித்துவிட்டது. “சரி. யாரு சொன்ன உலோகம் நிக்குதோ அவந்தான் இனிமே இங்கன மேஸ்திரி,” என்றார்.

பீப்பாய் பட்டறைக்குள் வந்ததும் பிள்ளை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் தூ தூ என்று துப்பினார். பட்டறையைப் பெருக்கி, உலைச் சாம்பல் அள்ளுகிற மாரித்தாய்க்கும் ஆசை. புருஷன் செத்து எட்டு வருஷமாக அந்தப் பட்டறையை நம்பி இருக்கிறவள். விரலை நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

“ஆத்தாடி! இதுக்கு நடுவுல நின்னுக்கிட்டா அந்தச் சனங்க தண்ணிக்குத் தவிக்காவ?”

ஆதம் தகடுகளில் உளியால் புள்ளி குத்தினான். இரும்புக்கு ஒரு புள்ளி, தகரத்துக்கு இரண்டு என்று போய் பித்தளைக்கு நாலு, நிக்கல் செம்புக்கு ஆறு. நிக்கல் செம்பு தென்காசியில் கிடைக்கிற சாமான் இல்லை. கொழும்பிலிருந்து வரும்போது கப்பலில் கழித்துப் போட்ட ஒரு முழக் குழாயை அவன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான். மற்றவர்கள் கொழும்பிலிருந்து வெள்ளைச் சீலையும் சோப்பும் கொண்டுவருவார்கள், இவன் குழாய் கொண்டுவந்திருக்கிறான் என்று பட்டறையே சிரித்தது. அதில் ஒரு ஓரத்தை அறுத்து விரித்துத் தகடாக்கினான். ஆறையும் தங்கம் நிறுக்கிற பத்தர் கடைத் தராசில் நிறுத்து, நிறையைச் சுவரில் கரியால் எழுதினார்கள். பழைய கொப்பரை ஒன்றில் கடல் தண்ணீரை ஊற்றி, குறுக்கே மூங்கில் கம்பு வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பகல் முழுக்க அடியில் கங்கு இருக்கும்.

பத்து நாளில் இரும்பு தண்ணீரையே சிவப்பாக்கிவிட்டது. தகரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பிள்ளை தினம் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னால் கொப்பரையிடம் போவார். “ஆதம், இங்க வாடே” என்று கூப்பிடுவார். அவருக்கு வருகிற காபியில் பாதி ஒரு கண்ணாடித் தம்ளரில் ஆதமுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் சங்கிலிப்பாண்டிக்கு அந்தத் தம்ளர் வந்ததில்லை. வேண்டும் என்று அவன் நினைத்ததும் இல்லை, ஆதம் கையில் அதைப் பார்க்கிற வரைக்கும்.

வீட்டுக்குப் போனால் பேராச்சி சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

“மொதலாளி என்னமும் சொன்னாவளா?”

“இல்ல.”

“அந்தக் கொழும்புக்காரன் ரொம்பக் கெட்டிக்காரனாமே. தண்ணிக் கொழாயடியில பேசிக்கிட்டாவ.”

“ஏட்டி, சோத்தப் போடுதியா, இல்ல அவன் பெருமையப் போடுதியா?” என்று எரிந்து விழுந்தான். குழம்பில் உப்புக் கூட என்று பாதியில் எழுந்தான். குழம்பில் உப்புச் சரியாகத்தான் இருந்தது.

அவனுக்கு ஆதம் மேல் சொல்லும்படி ஒரு குறையும் இல்லை. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான். கொப்பரை தூக்கும்போது கனமான பக்கத்தை அவன்தான் பிடிக்கிறான். அதெல்லாம் சங்கிலிப்பாண்டிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பொறாமை என்று அதற்குப் பேர் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் அது குறையவில்லை.

இருபத்தைந்தாவது நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அவன் மூங்கில் கம்பைத் தூக்கிப் பார்த்தான். எவர்சில்வர் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் நூல் கட்டிய இடத்தில் ஊசியால் குத்தியது மாதிரி ஓட்டைகள். அது போயிற்று. நாலு புள்ளித் தகட்டைத் திருப்பினான். பித்தளையில் அங்கங்கே சிவப்புத் திட்டு. நகத்தால் சுரண்டினான். மஞ்சள் வரவில்லை, செம்பு நிறத்தில் தூள் வந்தது. ஆறு புள்ளித் தகடு மேலெல்லாம் கறுத்து அழுக்குப் படிந்து கிடந்தது. ஆனால் ஓரம் கூர்மை குறையவில்லை. உளி குத்திய புள்ளிகள் குத்திய அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. சங்கிலிப்பாண்டி தகடுகளை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினான்.  அந்தப் பயல் சொன்னது அத்தனையும் சரி.

நாற்பத்தைந்தாவது நாள் சரஸ்வதி பூஜையை ஒட்டி வந்தது. பூஜைக்கு முந்தின இரண்டு நாளும் பட்டறையில் அடுப்பு மூட்டுவதில்லை. சாமான்களைத் தேய்த்துக் கழுவி அடுக்குவதுதான் வேலை. ஆதம் தகடுகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, கழுவாமல் ஒரு முறத்தில் பரப்பி ஜன்னலோரம் வைத்தான். பூஜை கழிந்து பத்தர் கடை திறந்ததும் நிறுப்பதாகப் பேச்சு. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல் என்று மத்தியானமே வடகரைக்குக் கிளம்பினான்.

“அண்ணாச்சி, மொறத்துல இருக்க தகட்ட யாரும் தொடவேண்டாம். மாரித்தாய்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கறுப்புப் படிஞ்சிருக்கே, அதுதான் அதுக்குச் சட்டை. அதோட நிறுக்கணும், அப்பந்தான் கணக்கு.”

“சொல்லுதேன்,” என்றான் சங்கிலிப்பாண்டி.

ஆதம் கொழும்பில் ஆயுத பூஜை பார்த்ததில்லை. தென்காசிப் பட்டறையில் அது எப்படி நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சம்மட்டி, குறடு, உளி, தராசுத் தட்டு, விளக்கு, கழித்துப் போட்ட ஆணிகூட விடாமல் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்துவிடுவார்கள்.

மறுநாள் பிள்ளை வந்து வாசலில் நின்று, “பட்டறையில ஒரு சாமான் பாக்கி இருக்கப்படாது. எல்லாம் பளிச்சுனு இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு, குற்றாலத்தில் குளிக்கப் போய்விட்டார். மாரித்தாய் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஆனபோது அவள் கை புளியில் ஊறி வெளுத்திருந்தது. கடைசியாக முறத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இதையும் தேய்க்கணுமா? இது ஆதம் வச்சது.”

சங்கிலிப்பாண்டி மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.  கண்ணாடித் தம்ளர் ஞாபகத்துக்கு வந்தது, அந்த மரப்பெட்டியும் வந்தது.

“மொதலாளி என்ன சொன்னாவ?” என்று கேட்டான்.

“ஒண்ணு பாக்கி இருக்கப்படாதுன்னாவ.”

“பெறவு என்ன?” என்று சொல்லிவிட்டுத் தோரணத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

புளி தேய்க்கிற சத்தம் வெகு நேரம் கேட்டது. ஆறு புள்ளித் தகடுதான் எல்லாவற்றிலும் கறுப்பு. அதற்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள். செங்கல் பொடியை இரண்டு தடவை போட்டு, தென்னை நாரால் வெள்ளி நிறம் வருகிற வரைக்கும் தேய்த்தாள். பித்தளையில் இருந்த சிவப்புத் திட்டு தேய்த்த தேய்ப்பில் போய், தங்கம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாத் தகட்டுக்கும் சந்தனம் வைத்து, சம்மட்டிக்குப் பக்கத்தில் அடுக்கினாள்.

பூஜை முடிந்த மறுநாள் ஆதம் வந்தான். தகடுகளைப் பார்த்ததும் முறத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கால்சட்டை மடிப்பைப் பற்றி நினைக்கவில்லை.

“யாரு தேச்சது?”

பிள்ளை வந்தார். பத்தர் கடையிலிருந்து தராசு வந்தது. இரும்பும் தகரமும் பாதியாகியிருந்தன, அதில் பேச்சில்லை. எவர்சில்வரில் ஓட்டை. மீதி மூன்றில் அதிகம் குறைந்திருந்தது ஆறு புள்ளிதான். பித்தளைதான் மூன்றிலும் கொஞ்சமாகக் குறைந்திருந்தது.

“என்னடே, உன் நிக்கலைத்தான் தண்ணி நல்லாத் தின்னுருக்கு?” என்றார் பிள்ளை.

“அது தண்ணி தின்னதில்ல மொதலாளி, செங்கல் பொடி தின்னது. மேல இருந்த கறுப்பத் தேய்ச்சு எடுத்துட்டாவ. இன்னொரு நாப்பத்தஞ்சு நாள் போட்டுப் பாருங்க.”

“தையில அங்க கொண்டு எறக்கணும்னு தங்கசாமிக்கு வாக்குக் கொடுத்தாச்சு. நிக்கலுக்குப் பம்பாய்க்கு எழுதிப்போட்டு எப்ப வரது? பித்தளை மதுரையில கெடக்கு.” பிள்ளைக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது. “ஏ மாரித்தாய், எதத் தேய்க்கணும், எதத் தேய்க்கப்படாதுன்னு ஒரு ஆளக் கேக்கமாட்டியா?”

“கேட்டேனே மொதலாளி. சங்கிலி அண்ணாச்சிகிட்டக் கேட்டுட்டுத்தான் தேச்சேன்.”

பட்டறை முழுக்க அவனைப் பார்த்தது. ஆதமும் பார்த்தான்; சொல்லிவிடுங்கள் என்று தான் கேட்டுக்கொண்டதை அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

“எங்கிட்ட எங்க கேட்டா?” என்றான் சங்கிலிப்பாண்டி.

  சத்தியம் செய் என்று மாரித்தாய் கேட்கவில்லை. பிள்ளை, “பண்ணதும் பண்ணிட்டு ஆள் மேல போடுதியா? நாளையிலருந்து வரவேண்டாம்,” என்றார். அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அது அவள் வீட்டு முறம். அதை எடுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சங்கிலிப்பாண்டி மேஸ்திரி பெட்டியில் உட்கார்ந்தான். மரம் வழுவழுவென்று இருந்தது. பேராச்சி இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் பிள்ளை காபியில் பாதியைக் கண்ணாடித் தம்ளரில் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவன் எதிர்பார்த்த ருசி அதில் இல்லை. சர்க்கரை கம்மி.

முப்பத்திரண்டு பித்தளைக் குழாய் வந்தது. இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தட்டில் ஒவ்வொரு குழாயையும் செருகி, அதன் வாயை விரித்துத் தட்டோடு இறுக்க வேண்டும். அந்த வேலை ஆதமுக்குத்தான் தெரியும். சங்கிலிப்பாண்டி பெட்டியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். ஆதம் பேச்சைக் குறைத்துவிட்டான். கொழும்பு என்கிற வார்த்தையே அவன் வாயிலிருந்து வருவதில்லை. சொன்னதைச் செய்தான், சுத்தமாகச் செய்தான். தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது ஒரு வாயிலும் கசிவு இல்லை. வேண்டாத உலோகத்துக்கு இவன் ஏன் இத்தனை அக்கறையாக வேலை பார்க்கிறான் என்று சங்கிலிப்பாண்டிக்கு அதிலும் ஒரு பொறாமை வந்தது.

தை மாதம் அது உப்பளத்துக்குப் போயிற்று. தங்கசாமி கடுதாசி போட்டார். கொப்பரை கொதிக்கிறது, நல்ல தண்ணீர் சொட்டுகிறது, சனங்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்று குடித்தார்கள் என்று எழுதியிருந்தார். பிள்ளை அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

அடுத்த சீசன் தொடங்கிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், லாரியில் அந்தக் குழாய்ப்பெட்டியே திரும்பி வந்தது. கூடவே தங்கசாமி. முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

“ரெண்டு மாசமாத் தண்ணி கரிக்குன்னு பொம்பளையாளுவ சொல்லிக்கிட்டே இருந்தாவ. வேலைக்கு மட்டம் போடுததுக்குச் சொல்லுதாவன்னு நாங்க கேக்கல. மாட்டுவண்டிய வேற நிப்பாட்டியாச்சு. வேற தண்ணி இல்லாம அதத்தான் குடிச்சாவ. வயித்தாலப் போயி எழுவது பேரு படுத்துட்டாவ அண்ணாச்சி. ரெண்டு புள்ளைங்க தவறிட்டு.”

 பிள்ளை பெட்டியைத் திறக்கச் சொன்னார். குழாய்களெல்லாம் மஞ்சள் போய்ச் சிவந்திருந்தன. ஆனால் பிள்ளையின் கண் போனது குழாய் தட்டில் சேருகிற இடத்துக்கு. அங்கே உப்புப் பூத்திருந்தது.

“வாயிலதான் கசிஞ்சிருக்கு. இது யாரு இறுக்கினது?”

இப்போது பட்டறை மறுபடியும் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தது. அவன்தானே மேஸ்திரி.

“ஆதம்தான் இறுக்கினான்,” என்றான். பொய் இல்லை.

ஆதம் முன்னால் வந்தான். ஒரு குழாயை எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினான். அது சத்தமில்லாமல் இரண்டாக உடைந்தது. உடைந்த இடத்தை விரலால் நெருடினான். சிவப்புத் தூள் உதிர்ந்தது.

“வாயில கசிவு இல்ல மொதலாளி. கொழாயில உடம்பே இல்ல, அது வழியாத்தான் கடத்தண்ணி உள்ள எறங்கிருக்கு. பாருங்க.”

“வேலையக் கெடுத்துட்டு வெளக்கம் சொல்லுதியா? ரெண்டு உசுரு போயிருக்குலே!” பிள்ளையின் குரல் உடைந்தது. பயத்தில்தான் கத்தினார். யாராவது ஒரு ஆள் மேல் இதை இறக்கி வைக்காவிட்டால் அது தன் தலையில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். “இனிமே நீ இங்கன வேண்டாம்.”

ஆதம் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டான். மூலைப் பீப்பாயில் கிடந்த தன் கப்பல் குழாயை எடுத்தான். அந்த நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு, மீந்த கடல் தண்ணீர் இருந்த அந்தப் பீப்பாய்க்குள் யாரோ அதைப் போட்டுவிட்டிருந்தார்கள். அப்போதிருந்து அது உப்பிலேயே கிடந்து கறுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று நினைத்தார்கள். சங்கிலிப்பாண்டியின் பெட்டியில் கொண்டுவந்து சாத்தினான்.

“நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஓட்டை விழுந்தாச் சொல்லியனுப்புங்க, வந்து பாக்கேன்.”

அவன் போன பிறகு சங்கிலிப்பாண்டி அந்தக் குழாயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தான். வளையவில்லை. கூழாங்கல்லால் தட்டினான். கணீரென்றது. இனிமேல் பட்டறையில் பொறாமைப்பட ஆளே கிடையாது. ஆனாலும் நெஞ்சுக்குள் அந்த எரிச்சல் இருந்த இடத்திலேயே இருந்தது.

தங்கசாமிக்குப் பிள்ளை வாக்குக் கொடுத்தார்: தன் செலவிலேயே புதுக் குழாய் போட்டுத் தருவதாகவும், இந்தத் தடவை மேஸ்திரியே கையால் இறுக்குவார் என்றும். சங்கிலிப்பாண்டி ஒரு நாள் பேச்சைத் தொடங்கிப் பார்த்தான்.

“மொதலாளி, நிக்கலுக்குப் பம்பாய்க்கு ஒரு கடுதாசி போட்டுப் பாப்பமா?”

பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். “அப்போ அவன் சொன்னதுதான் சரிங்கியா?”

சரி என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். தகட்டைத் தேய்க்கச் சொன்னது யார் என்கிற இடத்துக்குப் போய் நிற்கும். மாரித்தாய் இப்போது குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களின் விடுதியில் எச்சில் இலை எடுக்கிறாள். சீசன் இல்லாத நாளில் ரோட்டில் சரளை உடைக்கிறாள். ஆதம் கடையநல்லூரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான்.

“அதுக்கில்ல. சும்மா கேட்டேன்,” என்றான்.

மறுபடியும் மதுரையிலிருந்து முப்பத்திரண்டு பித்தளைக் குழாய் வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வேலை முடிந்தது. பூஜை அன்றே நல்ல நேரத்தில் லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டார். புதிதாக வந்த உலகம்மை கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். சாமான்கள் ஒவ்வொன்றாக மினுங்கி வரிசைக்கு வந்தன. பெட்டியின் மூடியைப் போடாமல் வைத்து, குழாய் வாய் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். வாசலில் பொரிகடலை வாங்குவதற்குத் தெருச் சனங்கள் கூடியிருந்தார்கள்.

உலகம்மை மேஸ்திரி பெட்டியின் பக்கம் வந்து, சாத்தியிருந்த கறுத்த குழாயை எடுத்தாள். புளி உருண்டையை அதன்மேல் வைத்தாள்.

“அதத் தொடாத!”

சங்கிலிப்பாண்டி போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பியது. உலகம்மை பயந்துபோய்க் குழாயைக் கீழே போட்டாள்.

“ஏன் அண்ணாச்சி? கறுத்துக் கெடக்கே.”

“அது அப்படித்தான் இருக்கணும். தேய்க்கப்படாது.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது வாசல் கூட்டத்தில் முந்தியை ஏந்திக்கொண்டு மாரித்தாய் நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கை விரல்களில் சரளை வெட்டிய தழும்புகள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சங்கிலிப்பாண்டி பொரிக் கூடையைத் தானே எடுத்துக்கொண்டு போனான். அவள் முந்தியில் ஒரு படி போட்டான். இன்னொரு படி அள்ளினான்.

“எல்லாருக்கும் போடுததே போதும் அண்ணாச்சி,” என்றாள் அவள். இரண்டாவது படியைக் கூடைக்குள்ளேயே கவிழ்க்க வைத்துவிட்டு, அவனைத் தாண்டி உள்ளே பார்த்தாள். மினுங்குகிற பித்தளையைப் பார்த்தாள். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இதத்தான் மறுபடியும் அங்க அனுப்புதியளா?” என்றாள்.

பிள்ளை உள்ளேயிருந்து, “மேஸ்திரி, நேரமாகுது, ஏத்துங்கடே,” என்று குரல் கொடுத்தார். நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். கனமான பக்கத்தைச் சங்கிலிப்பாண்டி பிடித்தான். வாழைக்கன்று கட்டிய லாரியில் அது ஏறியது. நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். திறந்த பெட்டியில் முப்பத்திரண்டு சந்தனப் பொட்டும் ஈரம் காயாமல் இருந்தது. டிரைவர் சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். லாரி பழங்களை நசுக்கிக்கொண்டு கிழக்கே, உப்பளத்துக்குப் புறப்பட்டது.